தறி கீழே, வீடு மேலே

சிமெண்டுக் கடைக்காரர் இந்த வருஷம் கொடுத்த காலண்டரில் மாதத்துக்கு ஒரு வீடு போட்டிருக்கிறது. உலகத்து வீடுகளாம். ஜனவரிக்குப் பனிக்கட்டியில் கட்டிய வீடு, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி. பிப்ரவரிக்குத் தண்ணீரில் கால் நட்டு நிற்கிற மரவீடு. மார்ச்சுக்குப் பாலைவனத்து மண்வீடு, மாடிமேல் மாடி. ஆபீஸ் சுவரில் மாட்டிய அன்றைக்கே எல்லாத் தாளையும் புரட்டிவிட்டேன். ஜன்னல் அழகு, கூரை அழகு எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்ப்பது ஒன்றுதான்: இதற்கு ஜாக்கியை எங்கே வைப்பது?

எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். அதனால் என்னைச் சீண்டுவார்கள். ஜனவரிக்கு ஒரு எஸ்டிமேட் போடச் சொன்னார்கள் ஒருநாள்.

"அது வெயில் வந்தா தானே கீழ எறங்கிடும். தூக்கறவன் பொழப்பு அங்க நடக்காது" என்றேன்.

"அப்ப பிப்ரவரி?"

"அவங்க கட்டும்போதே தூக்கி வச்சுட்டாங்க. நம்ம ஆளு எவனோ எனக்கு முன்னாடியே அங்க போய் வந்திருக்கான்."

சிரித்து முடித்தபிறகு என் மகள் கலைச்செல்வி, இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து கம்பெனியை நடத்துகிறவள், இதையெல்லாம் எழுதிக் கொடு என்றாள். புதிதாக வந்தவர்களுக்கு ஹைட்ராலிக் மிஷின் தெரியும். பொத்தானை அமுக்கினால் எல்லா ஜாக்கியும் ஒன்றாக ஏறும், பலகையில் எண் ஓடும். அந்த மிஷினை வாங்கியது நான்தான், நல்ல மிஷின். ஆனால் வீடு என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்தவனிடம்தான் அது நல்ல மிஷின். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் குற்றம் இருந்தால் கலை திருத்திக்கொள்வாள். வேலையில் குற்றம் இருக்காது.

வீட்டைக்கூடத் தூக்குவார்களா என்று வாய் பிளக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? தெரு மேலே வரும், வீடு இருந்த இடத்தில் இருக்கும். படியேறிப் போன வீட்டுக்குள் ஒருநாள் படியிறங்கிப் போக வேண்டிவரும். அப்புறம் மழைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் கதவைத் தட்டாமல் உள்ளே வரும். இடித்துக் கட்ட வசதி இல்லாதவரும், அப்பா கட்டிய வீட்டை இடிக்க மனசு வராதவரும் என்னிடம்தான் வருவார்கள். அந்த வீட்டை அப்படியே, சுவரில் மாட்டிய படம்கூட ஆடாமல், அடியோடு மேலே ஏற்றி உட்காரவைத்துக் கொடுப்பேன்.

ஊர் பெரணமல்லூர் பக்கம். பெயர் சவரிமுத்து. ஐந்தாவது வரை படித்தேன். ஆறாவது சேரப் போன வழியில் செங்கல் சூளையில் ஆள் எடுத்தார்கள், நின்றுவிட்டேன். சூளை, சித்தாள் வேலை, கரணை, ஆரணிக்கு வந்து மேஸ்திரி, அப்புறம் சென்னை. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் பட்டதை நானும் பட்டேன், மற்றவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன்.

சென்னையில் ஏரியை ஒட்டிய ஒரு நகரில் பூச்சு வேலைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். எதிர்வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, ஹரியானா ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து இரும்புக் கம்பியால் எதையோ திருகிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியில் அந்த வீட்டம்மா குழம்பு வைக்கிற வாசனை வருகிறது. குழம்பு கொதிக்கிறது, வீடு மேலே போகிறது. கரணையை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு அங்கே போய் நின்றேன். அன்றைக்கு நின்றவன்தான்.

அவர்களுக்குத் தலைவர் ஒருவர். எல்லாரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரணியில் உருது பேசுகிற வீடுகளுக்கு நடுவில் இருந்தவன் நான். அந்தப் பேச்சிலேயே அவரிடம் வேலை கேட்டேன். என் இந்தி லுங்கி கட்டிக்கொண்டு வருகிறது என்று சிரித்தார். ஆனாலும் மறுநாளே வரச் சொன்னார். தமிழ் வீட்டுக்காரர்களோடு பேச அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பேசத்தான் வைத்தார், நான் தொழிலையே எடுத்துக்கொண்டேன்.

உஸ்தாத் நெடுநெடுவென்று இருப்பார். வாயில் எப்போதும் சோம்பு. குரலை உயர்த்தியதே இல்லை, ஜாக்கியைத் தொட்டதும் இல்லை. வேலை ஆரம்பிக்கும் முன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போவார். ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு ஜன்னலாக, பீரோக் கதவு உட்பட, திறந்து மூடுவார். மெதுவாகத் திறப்பார், காது அதில் இருக்கும். எந்தக் கதவு மழைக்காலத்தில் பிடிக்கும், எதை உதைத்துத் திறப்பீர்கள் என்று வீட்டம்மாவிடம் கேட்கச் சொல்வார். எதையும் எழுதமாட்டார். பழைய விரிசல் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் ஒட்டுவார். விரிசல் ஒரு மயிரளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அதன்பிறகுதான் பள்ளம். சுவருக்கு அடியில் அஸ்திவாரத்தை விட்டுவிட்டுக் குடைந்து, இரும்புச் சட்டத்தைச் செருகி, அதற்குக் கீழே வரிசையாக ஜாக்கி. ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஒரு ஆள். ஒரு விசில் ஊதினால் எல்லாரும் கால் திருகு, அதாவது கால்வாசிச் சுற்று, திருக வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. திருகிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். உஸ்தாத் உள்ளே போய்க் கதவைத் திறந்து பார்ப்பார். கதவு முன்போலவே திறந்தால் அடுத்த விசில். பிடித்தால், வீடு முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். எந்த மூலை முந்தியது, எது பிந்தியது என்று கதவு பிடிக்கிற இடத்தை வைத்தே சொல்லுவார். தண்ணீர்க் குழாயில் மட்டம் பார்க்கிற ட்யூப் லெவல் அதற்கப்புறம்தான். 'தர்வாஜே ஸே பூச்சோ', கதவைக் கேள் என்பார். அவரிடம் நான் வாங்கிக்கொண்ட மொத்தப் படிப்பும் அந்த ஒரு வார்த்தைதான்.

ஒருமுறை ஒரு கண்ணாடித் துண்டு டிக்கென்று உடைந்தது. வீட்டுக்காரர் வெளிறிப்போனார். உஸ்தாத் எல்லாரையும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஆட்களுக்குக் கை நடுங்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த டீ என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பிறகு ஒரு ஜாக்கியைக் காட்டித் தோண்டச் சொன்னார். கீழே எவரோ எப்போதோ மூடிவிட்டுப் போன பழைய கழிவுத்தொட்டி. ஜாக்கி அதன் மூடிமேல் நின்றிருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அந்த ஜாக்கியைத் திருகுகிறவன் மட்டும் முக்காமல் திருகினான் என்றார்.

அவரோடு நான் தூக்கிய வீடுகளில் எத்தனை ஜாதி! இப்போது கட்டுகிற சிமெண்டுக் கான்கிரீட் வீடு சொன்னபேச்சு கேட்கும், ஆனால் வளைந்து கொடுக்காது, கோபம் வந்தால் வெடித்துவிடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு முனகும், நெளியும், பொறுத்துக்கொள்ளும். மண்சாந்தில் கட்டியது கடைசிவரை பேசாது. விட்டால் மொத்தமாக விட்டுவிடும், அதனிடம்தான் பயம். வந்தவாசிப் பக்கம் கருங்கல் சுவர் வைத்த வீடு ஒன்று தூக்கினோம், ஜாக்கிகள் அழாத குறை. தேசூரில் ஒரு தொகுப்பு வீடு, கையாலேயே தூக்கிவிடலாம் போல இருந்தது. அஸ்திவாரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அபார்ட்மெண்டும் செய்திருக்கிறேன். அதில் கட்டிடம் ஏறுவது சுலபம், அத்தனை வீட்டுக்காரரும் ஒரே நாளில் சம்மதிப்பதுதான் கஷ்டம்.

காலண்டரில் ஜூலை மாதத்துக்கு ஏதோ ஒரு குளிர்தேசத்து வீடுகள். கால்வாய் ஓரமாக, ஒல்லியாக, ஒன்றன் தோளை ஒன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு ஆரணி நெசவாளர் தெரு ஞாபகம் வந்தது. முகப்பு குறுகல், உள்ளே நீளம். அங்கேதான் என் வாழ்க்கையின் பெரிய வேலை நடந்தது.

உஸ்தாதை விட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்தபின் என் சொந்த ஊர்ப்பக்கம் கிடைத்த முதல் வீடு அது. ஏகாம்பரம் என்று பட்டு நெசவாளி. ஒல்லியான மனிதர், பத்து வார்த்தை பேசும் இடத்தில் ஒன்று பேசுவார். மிச்சத்தை அவர் மனைவி ராஜேஸ்வரி பேசுவார். தேக்கு உத்திரம் வைத்த, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய மெத்தைவீடு. நடுக்கூடத்தில் குழித்தறி. தரையில் குழி வெட்டி, நெசவாளி அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். போன மழையில் தெருத் தண்ணீர் உள்ளே புகுந்து அந்தக் குழி கிணறுபோல் நிரம்பியிருக்கிறது. தறியில் இருந்த பட்டு மொத்தமும் சாயம் கலங்கி வீண். இன்னொரு மழை அப்படிப் போனால் நெசவையே விட வேண்டியதுதான் என்றார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது தறியில் புதுப் பாவு, நெடுக்கே ஓடுகிற இழைகள், ஏற்றி ஒரு முகூர்த்தச் சேலை பாதி வந்திருந்தது. நூலும் டிசைனும் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளி, பெரிய இடத்துக் கல்யாணத்துக்காகக் கொடுத்த ஆர்டர். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: பாவை அறுத்துத் தறியை வெளியே எடுங்கள், வேலையை ஆரம்பிக்கிறேன்.

ஏகாம்பரம் தலையை நிமிர்த்தவே இல்லை. "பாவை அறுத்துட்டு வீட்டைத் தூக்கறதுக்கு, வீட்டை விட்டுட்டுப் பாவைத் தூக்கிகினு போயிடறேன்" என்றார்.

ராஜேஸ்வரிதான் எனக்குப் புரியவைத்தார். அத்தனை ஆயிரம் இழையையும் அறுத்துவிட்டுத் திரும்ப ஒவ்வொன்றாகப் பிணைக்கலாம். ஆனால் பழைய இழுவிசை திரும்ப வராது. அறுத்த இடத்தில் சேலையின் குறுக்கே ஒரு கோடு விழும், காயம் ஆறின தழும்பு மாதிரி. முதலாளி அதைப் பார்த்தால் சேலையை இவர்கள் தலையிலேயே கட்டிவிடுவார். பாதியில் அறுத்த பாவில் வந்த சேலையை எந்தக் கல்யாணப் பெண்ணும் தொடமாட்டாள். சரி, சேலை முடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் மழை வந்துவிடும், போன வருஷக் கதைதான்.

"தறியை வச்சுகினே தூக்குங்கன்னா முடியாதுங்கிறீங்க. அறுங்கன்னா அவரு முடியாதுங்கிறாரு" என்றார் ராஜேஸ்வரி. "மேஸ்திரிண்ணா, நீங்க வீட்டைத்தானே தூக்கறீங்க? தறியைத் தூக்கச் சொல்லி யாரு கேட்டாங்க? அது பாட்டுக்கு இருக்கிற எடத்துல இருக்கட்டும்."

வேடிக்கைக்குச் சொன்னார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தறி தரையில் இருக்கிறது. வீடு சுவர்மேல் நிற்கிறது. சுவரை ஏற்றினால் தரை ஏறாது. அதற்கு நான்தான் அப்புறம் மண் கொட்டி நிரப்புகிறேன். அப்படியானால் தறியைக் கீழேயே விட்டுவிட்டு, வீட்டை மட்டும் அதைச் சுற்றி மேலே கொண்டுபோகலாம். அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்கலாம்; அதை வேலையாக்கியது இந்த மண்டை.

உஸ்தாதுக்கு போன் போட்டுக் கேட்டேன். தறியை வெளியே எடு, இல்லையென்றால் வேலையை விடு என்றார். முதல்தடவையாக அவர் பேச்சை மீறினேன். ஆரணியில் என் முதல் வீடு விரிசல் விட்டால் இந்த ஊரில் ஒரு கோழிக்கூண்டைக்கூட எனக்குத் தூக்கக் கொடுக்கமாட்டார்கள். ஏகாம்பரத்துக்கு நஷ்டம் அதைவிடப் பெரிது: தறியில் இருக்கிற பட்டு அவருடையதும் அல்ல, முதலாளியுடையது. சேலை கெட்டால் வீடு ஏறி என்ன, இறங்கி என்ன.

ஒரே ஒரு இடத்தில்தான் தறி வீட்டோடு ஒட்டியிருந்தது. தறிக்கு மேலே டிசைனுக்கான ஜக்கார்டுப் பெட்டி இருக்கும். அதிலிருந்து இறங்குகிற கயிறுகள்தான் பாவு இழைகளைத் தூக்கும். அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்த மரச்சட்டங்கள் இரண்டு பக்கச் சுவரிலும் செருகியிருந்தன. தரையிலிருந்து நான்கு இரும்புக் குழாய்க் கால்கள் கொடுத்து, சட்டத்தை அதன்மேல் ஆப்பு வைத்து உட்காரவைத்து, சுவரில் செருகின முனைகளை அறுத்துவிட்டேன். பெட்டி தன் காலில் நின்றது. தறிக்கும் வீட்டுக்கும் இனிச் சம்பந்தமில்லை என்று நானே தட்டிப் பார்த்து, சுற்றிவந்து பார்த்துச் சொன்னேன். தறிமேல் பழைய புடவையும் பிளாஸ்டிக் தாளும் போர்த்தினோம்.

மறுநாள் காலை தெருவே கூடிவிட்டது. வீடு ஏறும்போது கீழே இருக்கிற தறியில் எப்படி உட்காருவார், கயிறு கட்டி இறங்குவாரா என்று ஒருவர். ஏகாம்பரம் இனிக் கிணத்துத் தவளை என்று இன்னொருவர். நான் சிலுவை போட்டுக்கொண்டு விசிலை ஊதினேன். கால் திருகு. கை எடு. உள்ளே போய்க் கதவைத் திறந்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது. அடுத்த விசில். கதவு. அடுத்த விசில். கதவு. கண்ணாடித் துண்டு ஒன்றுகூட உடையவில்லை. வீடு என்னிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது.

அப்போது தெருவில் நின்றிருந்த ஏகாம்பரம் சட்டென்று முன்னால் வந்தார்.

"உள்ள யாரோ தறி மிதிக்கிறாங்க" என்றார்.

உள்ளே யாரும் இல்லை. ஆட்கள் சுவரோரப் பள்ளத்தில்தான் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவும் சரி, கண்ணாடியும் சரி, ட்யூப் லெவலும் சரி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து விசிலை நீளமாக ஊதி நிறுத்திவிட்டேன். இரண்டுபேரும் உள்ளே ஓடினோம். போர்வையை எடுத்தால், பாவு இழைகளில் ஒரு பாதி தானாக மேலே எழும்பி நிற்கிறது, நிஜமாகவே யாரோ மிதித்த மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். ஜக்கார்டுப் பெட்டி தன் ஆப்பைவிட்டு விரல் அகலம் மேலே வந்து, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எதில் தொங்குகிறது? உத்திரத்திலிருந்து மஞ்சள் தடவின ஒரு பட்டுக் கயிறு, வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

நேற்று நான் பார்க்கும்போது அது இல்லை.

ராஜேஸ்வரி கதவோரம் வந்து நின்றார். விடியலில் விளக்கேற்றும்போது அவர்தான் கட்டியிருக்கிறார். அவர்கள் வீட்டில் தறி சுவரோடு ஒட்டாமல் நின்றால் அதை வீட்டு உத்திரத்தோடு ஒரு கயிற்றால் கட்டுவது வழக்கமாம். வீடும் தறியும் ஒரே குடும்பம் என்று. நான் சட்டத்தைச் சுவரிலிருந்து அறுத்ததும் அவருக்கு மனசு ஆறவில்லை. பருத்திக் கயிறாக இருந்திருந்தால் முதல் விசிலிலேயே அறுந்துபோய் யாருக்கும் தெரிந்திருக்காது. இவர்கள் வீட்டில் பருத்திக் கயிறு ஏது? பட்டுக் கழிவு நூலைப் பல இழை சேர்த்து முறுக்கிக் கட்டிவிட்டார். வீட்டைத் தூக்கிய என் ஜாக்கிகள் அந்தக் கயிற்றால் தறியையும் தூக்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு விசில் ஊதியிருந்தால் பெட்டி சாய்ந்து பாவுமேல் விழுந்திருக்கும்.

"கத்திரி எடுங்க" என்றேன்.

ஏகாம்பரம் கையை நீட்டினார். ராஜேஸ்வரி குறுக்கே வந்தார்.

"அறுக்கக் கூடாது."

"தங்கச்சி, பெட்டி விழுந்துடும்."

"வீடு ஒரு பக்கம், தறி ஒரு பக்கம் போறதுக்கா இன்னிக்கு வீட்டைத் தூக்கறோம்? கட்டுனதை நல்ல நாள்ல யாராவது அறுப்பாங்களா? உங்க கழுத்துல தொங்கறதை இப்ப அறுத்துட்டு விசில் ஊதுங்கன்னா ஊதுவீங்களா?"

என் கழுத்தில் ஒரு சிலுவை உண்டு.

முடிச்சை அவிழ்க்கலாம் என்றால், பெட்டியின் எடை முழுக்க அதில் இருக்கிறது; மஞ்சளில் ஈரமான பட்டு முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. வீட்டைக் கொஞ்சம் இறக்கலாம் என்றால், ஏற்றின அன்றைக்கே இறக்காதே என்பது உஸ்தாதின் முதல் கட்டளை. இறங்கும்போதுதான் வீடு முறுக்கிக்கொள்ளும். அத்தோடு, அறுத்தால் பெட்டி திடீரென்று ஆப்பில் விழும், அந்த அதிர்ச்சியில் கயிறுகள் குலுங்கி எத்தனை இழை போகும் என்று ஏகாம்பரமே யோசிக்க ஆரம்பித்தார். ஆட்கள் ஜாக்கியோரம் குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் டீ வாங்கிவரச் சொன்னேன்.

டீ வருவதற்குள் ராஜேஸ்வரி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். மடியில் பட்டு நூல் கண்டு.

"இழை போனா அழுதுகினா இருக்கோம்? புதுசைப் பிணைச்சுட்டுப் பழசை விடறோம்" என்றார் கணவரிடம். "கீழ்முனையை நீங்க புடிங்க."

அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கயிறு ஒரே கயிறல்ல, பல இழை சேர்ந்த முறுக்கு. உத்திரத்துப் பக்கம் ஒரு புது இழையை அதோடு சேர்த்து விரலால் உருட்டிப் பிணைத்தார். நீளமாக விட்டு, அதன் மறுமுனையைப் பெட்டிப் பக்கத்தில் ஏகாம்பரம் பிணைத்தார். பிணைத்தபிறகு, பழைய முறுக்கில் ஒரு இழையை மட்டும் எடுத்துவிட்டார். மறுபடி ஒரு புது இழை, அப்புறம் ஒரு பழைய இழை. கயிறு ஒரு கணம்கூட அறுந்து நிற்கவில்லை. ஆனால் பழையது ஒவ்வொன்றாகப் போகப் போக மிச்சம் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு நீண்டது. பெட்டி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கியது. நான் ஆப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். அது வந்து உட்கார்ந்ததை என் விரல்தான் முதலில் சொன்னது. கடைசிப் பழைய இழை போனபோது புதுக்கயிறு தூளி மாதிரி தளர்ந்து தொங்கியது. எழும்பி நின்ற பாவு மூச்சுவிட்ட மாதிரி படிந்தது.

பாவில் இரண்டு மூன்று இழைதான் அறுந்துபோயிருந்தது. ஏகாம்பரம் அதை அங்கேயே பிணைத்துவிட்டார். அது தினமும் நடப்பதுதான் என்றார்.

டீயைக் குடித்தோம். அதன்பிறகு என் வேலைமுறையில் ஒன்று கூடியது. விசில், கால் திருகு, கை எடு, கதவு; அப்புறம் கயிறு. மிச்ச நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு ராஜேஸ்வரி கூடத்தில் நிற்பார். தூளி இறுகுகிறது என்று தெரிந்தால் இன்னும் நீட்டிப் பிணைப்பார், "ஊதுங்கண்ணா" என்பார். அவர் சொல்லாமல் நான் ஊதவில்லை. வீட்டுக்கு நான், தறிக்கு அவர். அப்படியே அந்த வீட்டை மூன்றடி மேலே கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

சுவருக்கு அடியில் செங்கல் வரிசை கட்டி ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவினோம். கூடத்தில் மண் கொட்டினோம், தறியைச் சுற்றி மட்டும் கிணற்றுக்கு வைப்பதுபோல் சுவர் எழுப்பி, தண்ணீர் கசியாமல் பூசிக் கொடுத்தேன். ஏகாம்பரம் ஏணிவைத்து இறங்கி நெய்தார். புதுத் தரையில் நடக்கிறவர்களின் பாதம்தான் அவர் கண் மட்டத்தில் தெரியும். ராஜேஸ்வரி டீயை வாளியில் வைத்துக் கயிறுகட்டி இறக்குவார். தெருவில் எல்லாரும் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்துவிட்டுப் போனார்கள். ஒருவர் பாதாள லோகத்தில் வெயில் எப்படி என்று கேட்டார். மேலே இருக்கிறவன் காலைக் கழுவிகினு வந்து பேசட்டும் என்று கீழேயிருந்து பதில் வந்தது. நான் அறிந்து ஏகாம்பரம் அடித்த ஒரே கிண்டல் அதுதான்.

சேலை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் தண்ணீர் மண்ணிறமாகப் புரண்டு வந்து, புதுப் படியை நக்கிவிட்டு, அப்படியே போயிற்று. உள்ளே எட்டிப் பார்த்தேன். கிணற்றுச் சுவர் காய்ந்து கிடந்தது. தறிச்சத்தத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, "மழையா?" என்றார்.

கேள்விப்பட்டு உஸ்தாதும் ஒருநாள் வந்தார். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் எல்லாக் கதவையும் திறந்து மூடினார். பீரோவையும் விடவில்லை. கடைசியில் உத்திரத்திலிருந்து தறிக்கு இறங்குகிற மஞ்சள் கயிற்றின் முன்னால் நின்றார். விரலால் லேசாகத் தட்டிப் பார்த்து, தளர்வாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். சோம்பு டப்பாவை என்னிடம் நீட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் எனக்கு அதை நீட்டியது அன்றுதான்.

சேலையைத் தறியிலிருந்து அறுத்த அன்று முதலாளி நேரில் வந்தார். வீடு தூக்கின கதை அவர் காதுக்கும் போயிருந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேலையை முழங்கை முழங்கையாக விரித்துப் பார்த்தார். உடல் முழுக்க மயில். சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், விளக்கைப் போடச் சொல்லிப் பின்பக்கம் பார்த்தார். ஏகாம்பரம் மேலே ஏறிவந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். வீட்டில் விரிசல் தேடுகிற கண்ணை எனக்குத் தெரியும். அந்தக் கண்ணும் அதே மாதிரிதான் இருந்தது.

"எந்த எடத்துல வச்சு வீட்டைத் தூக்குனாங்க? காட்டு" என்றார்.

ஏகாம்பரம் குனிந்து தேடினார். நெய்தவருக்கே தெரியவில்லை. தலையைச் சொறிந்தார்.

ராஜேஸ்வரி வந்து, சேலையின் நடுவில் ஒரு மயிலின்மேல் விரலை வைத்தார். மற்ற மயில்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"இதுதாங்க. இந்த மயிலு வரைக்கும் பழைய வீடு. இதைத் தாண்டினா புது வீடு."

முதலாளி அந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். நகத்தால் தடவினார். பிறகு சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த பாவுக்கு நூல் எப்போது வந்து எடுத்துக்கொள்கிறாய் என்று ஏகாம்பரத்தைக் கேட்டார்.

அதன்பின் அந்தத் தெருவில் நான் தூக்காத வீடு குறைவு. தூக்கிய வீடுகள் எல்லாம் இருந்த ஊரிலேயே நிற்கின்றன. அந்தச் சேலை மட்டும் பெண்ணழைப்புக்குப் போய், மேடையேறி, ஊர் ஊராகப் போட்டோவில் நின்றிருக்கும். கட்டிக்கொண்ட பெண்ணுக்குத் தன் இடுப்பில் ஒரு வீடு ஏறின இடம் இருப்பது தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம்.